"இது கட்டுரை, ஆய்வு இல்லை" என்று திருப்பித் தந்தால்

கேள்வி: கலைப்பீடத்தில் புவியியல் சிறப்புக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் வடமராட்சி. 'யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்ப் பிரச்சினைகள்' என்பது என் ஆய்வுத் தலைப்பு. முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் "இது கட்டுரை, ஆய்வு இல்லை" என்று மேலே எழுதித் திருப்பித் தந்துவிட்டார். உயர்தரம் படிக்கும்போது கட்டுரைக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆங்கிலத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையை வாசிக்க எனக்கு ஒரு கிழமை போகிறது. வாசித்ததை என் சொல்லில் எழுதி ஆசிரியர் பெயரும் போட்டேன். அதையும் 'பிரதி' என்கிறார். இதற்கிடையில் ஒரு சர்வதேச சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. காசு கட்டினால் இரண்டு கிழமையில் பிரசுரிப்பார்களாம். அனுப்பலாமா? முதல் இரண்டு பக்கங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.
– ஒரு மாணவி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

இணைத்த பக்கங்களை வாசித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. நீரைப் பற்றிய செய்யுள் அடியொன்றோடு தொடங்குகிறீர்கள். உலக நீரில் 97 சதவீதம் கடல் என்கிறீர்கள். இலங்கையில் 103 ஆற்றுப் படுகைகள் உண்டு என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் யாழ்ப்பாணம் வருகிறது. எல்லாம் சரியான தகவல். ஆனால் இவற்றில் ஒன்றையாவது உங்கள் மேற்பார்வையாளர் இதற்கு முன் அறியாதவரா?

பள்ளிக்கூடக் கட்டுரையைத் திருத்துகிறவருக்கு விடை முன்பே தெரியும். உங்களுக்கும் தெரியுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் தெரிந்ததையெல்லாம் கொட்டினால் புள்ளி கூடும், அலங்காரத்துக்கும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஆய்வேட்டை வாசிக்கிறவர் நீங்கள் சொல்லப்போவதை அறியாதவர். அதைவிட முக்கியம், அதை நம்பவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. "எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொரு பந்தியிலும் கேட்டுக்கொண்டிருப்பார். முறையியல், அட்டவணை, மேற்கோள், உசாத்துணைப் பட்டியல் எல்லாம் அந்த ஒரு ஆளுக்குப் பதில் சொல்லத்தான். அவரை மனதில் இருத்தாமல் எழுதினால் இந்த உறுப்புகள் அத்தனையும் இருந்தும் ஆய்வு இருக்காது. முதுகலை ஏடுகளிலும் இந்தக் குறையை அடிக்கடி காண்கிறேன், ஆகையால் நீங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இனித் தலைப்பு. 'நிலத்தடி நீர்ப் பிரச்சினைகள்' என்பது ஒரு துறையின் பெயர். அதற்குள் உவராதல் (நீர் உப்பாவது) இருக்கிறது, உரத்திலும் கழிவிலுமிருந்து நீரில் சேரும் நைத்திரேற்று இருக்கிறது, மலக்குழிகள் இருக்கின்றன, மழை குறைவது, கிணற்று நீரை மோட்டர் போட்டு இறைப்பது எல்லாம் இருக்கின்றன. ஒருவர் ஆறு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியது அதற்குள் எங்கோ மூலையில் கிடக்கும் ஒரு கேள்வி. அதைத் தேட நீங்கள் தூரம் போகத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே, வளவில் கிணறு இருந்தும் குடிக்கிற தண்ணீரை வெளியே வாங்குகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஏன் வாங்குகிறார்கள்? தண்ணீர் சவர் என்பதாலா? மருந்தும் உரமும் கலந்திருக்கும் என்ற பயத்தாலா? அந்தப் பயம் யாராவது கிணற்றைப் பரிசோதித்ததால் வந்ததா, கதை கேட்டு வந்ததா? கோடையில் மட்டுமா, மாரியிலும் வாங்குகிறார்களா? தோட்டத்தை ஒட்டிய ஒழுங்கைக்கும் கடலை ஒட்டிய குறிச்சிக்கும் இதில் வித்தியாசம் உண்டா?

இப்போது தலைப்பு இப்படி ஆகலாம்: 'சொந்தக் கிணறுள்ள வீடுகள் குடிநீரை விலைக்கு வாங்குவதற்கான காரணங்கள்', பின்னால் உங்கள் கிராம அலுவலர் பிரிவின் பெயர். சின்னதாகத் தெரியும். ஆனால் இதற்கு விடை எவரிடமும் ஆயத்தமாக இல்லை, உங்கள் மேற்பார்வையாளரிடமும் இல்லை. இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள்: கேள்விக்கு நீங்கள் எதிர்பாராத விடை வர இடமிருக்கிறதா? "உரப் பாவனை நீரைப் பாதிக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்ற விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "வாங்குகிறவர்கள் உவருக்காக வாங்குகிறார்களா, பயத்துக்காக வாங்குகிறார்களா?" என்றால் எந்தப் பக்கமும் விழலாம். அதுதான் வேண்டும்.

கேள்வி கிடைத்தபின் அறிமுகத்தை எழுதுவது அவ்வளவு பாரமில்லை. ஜோன் சுவேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரைகளின் அறிமுகப் பகுதிகளை ஆராய்ந்து, 1990இல் வந்த தன் நூலில் அவை பொதுவாக மூன்று நகர்வுகளில் போகின்றன என்று காட்டினார். எந்தப் பரப்பில் நிற்கிறோம் என்று சொல்வது முதலாவது. அந்தப் பரப்பில் எது இன்னும் தெரியவில்லை என்று காட்டுவது இரண்டாவது. அந்த இடத்தில் என் ஆய்வை வைக்கிறேன் என்பது மூன்றாவது. உங்கள் பக்கங்களில் முதல் நகர்வு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கடலில் தொடங்கி நடந்து வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைநீரைக் கிணறு வெட்டி எடுக்கிறோம். அந்த மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. இந்த நாலு வசனம் போதும் முதல் நகர்வுக்கு. ஐந்தாவது வசனத்தில் "ஆனால்" வந்துவிட வேண்டும். செய்யுள் அடியை எடுத்துவிடுங்கள். நல்ல அடிதான், இங்கே அதற்கு வேலை இல்லை.

ஒரு கட்டுரைக்கு ஒரு கிழமை என்கிறீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, அகராதியும் கையுமாக வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி வாசிக்க வேண்டாம். முதலில் ஆய்வுச் சுருக்கம். அடுத்து அட்டவணைகளும் வரைபடங்களும். எண்ணுக்கு ஆங்கிலம் பெரிதாகத் தேவையில்லை. பிறகு முடிவுரை. அதோடு, இந்தக் கட்டுரை உங்கள் கேள்விக்கு உதவுமா என்று தெரிந்துவிடும். உதவாதென்றால் அங்கேயே விடுங்கள், குற்றமில்லை. உதவுமென்றால் முறையியலைச் சொல் சொல்லாக வாசியுங்கள். ஒரு துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது ஏறத்தாழ ஒரே சொற்கூட்டம்தான். முதல் சில கட்டுரைகள் வதைக்கும், அதன்பிறகு வேகம் தானாக வரும்.

வாசிக்கும்போது ஒரு கொப்பியில், அல்லது எக்செல்லில், அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. நிரல்களில்: என்ன கேள்வி, எந்த இடம், எந்த மாதம் மாதிரி எடுத்தார்கள், எத்தனை கிணறு, எந்த அலகு, என்ன கண்டார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள்.

மாதமும் அலகும் எதற்கு என்று கேட்பீர்கள். மாரிக்கு முன் அளந்த கிணற்றையும் மாரிக்குப் பின் அளந்த கிணற்றையும் பக்கத்தில் வைத்து "கூடியிருக்கிறது" என்று எழுதக்கூடாது. அலகு இன்னும் பொல்லாதது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்கத் தரத்தில் 10 மில்லிகிராம் என்று இருக்கும். அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பு என்று எழுதிய ஏடுகளும் உண்டு. உண்மையில் அமெரிக்கத் தரம் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடுகிறது. 50 மில்லிகிராம் நைத்திரேற்றில் நைதரசன் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம். ஆக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நீங்கள் வாசிக்கும் கட்டுரை எதை எதில் அளந்தது என்று குறித்து வைக்காவிட்டால், ஒன்றையொன்று மறுக்காத இரண்டு ஆய்வுகளை மறுப்பதாக எழுதிவிடுவீர்கள்.

இந்த அட்டவணையால் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. எங்கள் ஏடுகளில் இலக்கிய மீளாய்வு பெரும்பாலும் கதியால் வேலி மாதிரி இருக்கும்: இன்னார் (1998) இவ்வாறு கூறுகிறார், இன்னார் (2007) இவ்வாறு கூறுகிறார், இன்னார் (2015) இவ்வாறு கூறுகிறார் என்று பந்திக்கு ஒருவராக நட்டுக்கொண்டு போவது. அட்டவணையைக் குறுக்காக வாசித்து எழுதுவதால் வருகிற வினை அது. மேலிருந்து கீழாக வாசியுங்கள். 'இடம்' நிரலை மட்டும் பார்த்தால், எல்லாரும் தோட்டச் செய்கை மிகுந்த செம்மண் பகுதிக்கே போயிருக்கிறார்கள், கரையோரக் குறிச்சியில் ஒருவரும் இறங்கவில்லை என்று தெரியவரலாம். 'என்ன கேள்வி' நிரலில், தண்ணீரை அளந்தவர்கள் பலர், தண்ணீர் குடிக்கிறவர்களிடம் கேட்டவர்கள் சிலரே என்று தெரியவரலாம். அப்படி ஒன்று தெரிந்தால் அதுவே ஒரு பந்தி, அதுவே இரண்டாவது நகர்வு.

எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். கூகுள் ஸ்கொலரில் ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால், அதன் கீழே அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே வாருங்கள். உள்ளூர் அறிக்கைகள், மலர்கள், பழைய பத்திரிகைகளுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் முன்னைய மாணவர்களின் ஏடுகளைக் கேட்டுப் பாருங்கள். பத்திரிகைச் செய்தியை எதற்குச் சான்றாக வைக்கிறோம் என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்ட காலத்துச் செய்திகள், சனம் எவ்வளவு பயந்தது என்பதற்கு நல்ல சான்று. தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்பதற்குச் சான்று ஆய்வுகூட அறிக்கைதான். உங்கள் கேள்வி பயத்தைப் பற்றியது என்றால் பத்திரிகையே உங்களுக்கு முதன்மைத் தரவு.

சனத்தொகை எண்களை எடுக்கும்போதும் அப்படித்தான். 1981க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் அடுத்த முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல். 1991இல் நாட்டிலேயே எடுக்கவில்லை. 2001இல் இங்கே எடுக்க முடியவில்லை. இரண்டு புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து "படிப்படியாக" என்று எழுதினால், முப்பது வருடப் போரும் இடப்பெயர்வும் அந்தக் கோட்டுக்குள் காணாமல் போய்விடும்.

அடுத்தது, உங்களுக்குக் கூடுதலாக நோகிற விஷயம் என்று நினைக்கிறேன்: பிரதி. நீங்கள் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மேற்பார்வையாளர் சொல்வதிலும் பிழையில்லை. மூலத்தில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மாசடைவதற்கு அதிகப்படியான உரப் பாவனையும் மலசலகூடக் குழிகளும் முக்கிய காரணங்களாகும்." அதை நீங்கள் இப்படி மாற்றுகிறீர்கள்: "யாழ் குடாநாட்டின் தரைக்கீழ் நீர் மாசுறுவதற்கு மிதமிஞ்சிய உரப் பயன்பாடும் மலக்குழிகளும் பிரதான காரணிகளாக உள்ளன." ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். வசனத்தின் எலும்புக்கூடு அவருடையது. கீழே பெயர் போட்டாலும், வாசிக்கிறவர் கருத்து அவருடையது, வசனம் உங்களுடையது என்று எண்ணுவார். அங்கேதான் பிழை.

சரியான வழி, மூலத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் கேள்விக்கு அது என்ன சொல்கிறது என்று எழுதுவது. உதாரணமாக: "உரத்தையும் மலக்குழியையும் சேர்த்தே காரணம் சொல்கிறார் இன்னார், ஆனால் தோட்டமே இல்லாத, வீடுகள் நெருங்கிய குறிச்சிகளில் இரண்டில் எது கூட என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை." இதில் அவர் கருத்தும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். மூலத்தின் சொற்களே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதால் அது உங்களுடையது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்த்த வசனமும் மற்றவர் வசனம்தான்.

மேற்கோள் எந்தப் பாணியில் என்பது உங்கள் துறை சொல்வதுதான் சட்டம். ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் உசாத்துணைப் பட்டியல் கைவேலை இல்லாமல் வரும். எங்கள் பெயர்களில் மட்டும் அது தடுமாறும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து தகப்பன் பெயர். யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் கனகசபாபதி கைலாசபதியை 'கைலாசபதி, க.' என்றுதான் வரிசைப்படுத்த வேண்டும். முழுப் பெயரைத் தலைகீழாகக் கொடுத்தால் மென்பொருள் தகப்பனாரை ஆசிரியராக்கிவிடும்.

முறையியலில் ஒன்று மட்டும். "எழுமாற்று மாதிரி மூலம் 100 குடும்பங்கள் தெரிவுசெய்யப்பட்டன" என்ற வசனத்தை நான் வாசிக்காத ஏடு அபூர்வம். உண்மையில் நடந்திருப்பது மாமி வீடு, மாமிக்குப் பக்கத்து வீடு, ரியூசன் சேர் சொன்ன நாலு வீடு. எழுமாற்று என்று எழுதினால் கிராம அலுவலரிடம் குடும்பப் பட்டியலைப் பார்த்து, இலக்கமிட்டு, குலுக்கி எடுத்திருக்க வேண்டும். அது முடியாவிட்டால் தெரிந்த வீடுகளுக்குப் போனேன், அதனால் முடிவை ஊர் முழுக்கப் பொருத்த முடியாது என்று எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக எவரும் புள்ளியைக் குறைப்பதில்லை. இல்லாததை எழுதினால், வாய்மொழிப் பரீட்சையில் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். நாற்பது கேள்விப் படிவமும் வேண்டாம். சுனாமிக்கும் போருக்கும் பிறகு எங்கள் சனம் நிரப்பாத படிவம் இல்லை. கொப்பியும் பேனையுமாக ஒரு பிள்ளை படலையில் நின்றால் ஏதோ உதவி வரப்போகிறது என்று நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். படிப்புக்காக வந்திருக்கிறேன், இதனால் ஒன்றும் கிடைக்காது, விருப்பமில்லாவிட்டால் சொல்லத் தேவையில்லை, பெயர் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பிறகு "நேற்றுக் குடித்த தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?" என்று கேளுங்கள். "குடிநீர்ப் பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் உண்டு என்றுதான் வரும்.

எழுதும் ஒழுங்கு: முறையியலை முதலில் எழுதுங்கள், செய்ததை எழுதுவதுதான் இலேசு. பிறகு முடிவுகள், அவற்றின் கலந்துரையாடல், கடைசியில் அறிமுகம், எல்லாவற்றுக்கும் பிறகு ஆய்வுச் சுருக்கம்.

சஞ்சிகை விஷயத்தை நீட்டத் தேவையில்லை. நீங்கள் இன்னும் எழுதி முடிக்காத கட்டுரையை, உங்களை அறியாத ஒருவர், காசு கட்டினால் இரண்டு கிழமையில் போடுகிறேன் என்கிறார். துறை அறிஞர் இருவர் வாசித்துக் கருத்துச் சொல்லவே பல மாதங்கள் எடுக்கும். கட்டணம் வாங்குகிற நல்ல சஞ்சிகைகளும் இருக்கின்றன. கட்டணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அவசரத்தையும் அழைப்பையும் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். கொலராடோப் பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இப்படிப்பட்ட வெளியீட்டாளர்களைப் பட்டியலிட்டு வந்தார். 2017இல் அந்தப் பட்டியல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஆனால் அந்த வியாபாரம் நிற்கவில்லை. அந்த மின்னஞ்சலுக்குப் பதிலே போட வேண்டாம். ஆய்வேடு முடிந்ததும் அதன் சுருக்கத்தைப் பல்கலைக்கழகம் நடத்துகிற ஆய்வு மாநாடொன்றுக்கு அனுப்புங்கள். பத்து நிமிடம் எழும்பி நின்று பேசி, முன்வரிசையிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்வது அந்தச் சஞ்சிகையைவிட உங்களுக்குப் பயன்படும்.

சாட்ஜிபிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாவிப்பீர்கள். ஆங்கிலப் பந்தியொன்று விளங்காவிட்டால் விளக்கம் கேளுங்கள், துறையின் விதி அனுமதித்தால். உசாத்துணை மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாகப் போட்டுத் தந்துவிடும். நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் பட்டியலில் வரக்கூடாது.

மேற்பார்வையாளரிடம் திரும்பப் போகும்போது திருத்திய அத்தியாயத்தைக் கொண்டு போக வேண்டாம். ஒரே ஒரு பக்கம் கொண்டு போங்கள்: கேள்வி, யாரிடம் கேட்கப் போகிறீர்கள், அவர்களை எப்படித் தெரிவுசெய்வீர்கள், எந்த விடை வந்தால் உங்கள் எண்ணம் பிழை என்று ஒப்புக்கொள்வீர்கள். அதற்கு அவர் "சரி" என்ற பிறகு எழுதத் தொடங்குங்கள். உங்கள் பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. இனிமேல் யூனிகோட்டில் தட்டுங்கள். பாமினி கோப்பு கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதைப் பிரதியா என்று ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டு வருகிற 'பூச்சியம் சதவீதத்தை' எவரும் நம்ப மாட்டார்கள். எழுதியதை மாற்றித் தரும் இணையக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு எண்களையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை சரிபாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் குழம்பும்.